ஒருவருக்கொருவர் ஜாமீன்

தும்பிக்கல்,
17-7-1994

அடி ரூபா,

வந்து சேர்ந்துட்டேன். கொள்ளேகால் வரைக்கும் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன், ஹனூர் தாண்டினப்புறம் குதிச்சுக்கிட்டே வந்தேன். கண்டக்டர் பேர் கெம்பையன். "முன்னாடி வந்த நர்ஸம்மா பதினோரு நாள் இருந்தாங்க. நீங்க எத்தனை நாள் சிஸ்டர்?"னு கேட்டார். நாலு வருஷம்னேன். மனுஷன் டிக்கெட் கிழிக்கிறதை நிறுத்திட்டு என்னை ஏற இறங்கப் பார்த்துட்டுப் போயிட்டார். மீதிச் சில்லறை கொடுக்கவே மறந்துட்டார்.

ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு நம்மைப் படிக்க வச்ச நிதி ஆபீஸில் சொன்னாங்களே, அது ஆறு கட்டில் போட்ட ஒரு ஓட்டுக் கட்டடம். ஆயா ஒருத்தி, மாதம்மா. டாக்டர் கொள்ளேகாலிலிருந்து புதன்கிழமை மட்டும் வருவார். மத்த ஆறு நாளும் நான்தான் டாக்டர், நான்தான் கம்பவுண்டர், நான்தான் சிஸ்டர். பஸ் காலையில் ஒண்ணு, சாயங்காலம் நாலு மணிக்கு ஒண்ணு. அதுக்கப்புறம் செக்போஸ்டில் போலீஸ் எதையும் விடமாட்டாங்களாம். போன் கிடையாது.

ஜனங்க நல்லவங்கதான். நேத்து ஒருத்தர் காய்ச்சலோட எட்டு மைல் நடந்து வந்தார். மாத்திரை கொடுத்தேன். "ஊசி இல்லீங்களா அம்மணி? இதுக்கா இத்தனை தூரம் வந்தேன்?"னு கோவிச்சுக்கிட்டுப் போனார்.

டார்ச் பேட்டரி நாலு, தலைவலித் தைலம் ஒண்ணு வாங்கி அனுப்பு. நீ ஜாமீன் போட்ட பொண்ணு இன்னும் ஓடலைன்னு நிதி ஆபீஸ் சுப்ரமணியன் சார்கிட்ட சொல்லிடு.

உன்
சொர்ணலதா


மண்டி மொஹல்லா, மைசூர்,
2-8-1994

சொர்ணம்,

என் தமிழ் எழுத்தைப் பார்த்து சிரிக்காதே. நான் கன்னட மீடியம். ஹாஸ்டலில் வார்டன் நம்ம சீட்டைப் படிக்கக் கூடாதுன்னு நீ கத்துக்கொடுத்த தமிழ்தான் இது. தப்பு இருந்தா வாத்தியாரம்மா தப்பு.

பேட்டரி, தைலம் பார்சல் அனுப்பியிருக்கேன். நீ அங்க ஆள் இல்லைன்னு அழற, எனக்கு இங்க ஆள் தாங்கல. சந்துக்குள்ள கிளினிக். ஒரு ஸ்கூட்டர் வந்தா மாசமா இருக்கறவ சுவரோட ஒட்டி நிக்கணும். தினம் எண்பது பேர். டாக்டரம்மாவுக்கு மூக்கு மேல கோபம்.

ஓடறது கீடறதுன்னு விளையாட்டுக்குக்கூட எழுதாதே. நம்ம ரெண்டு பேருக்கும் ஜாமீன் போட ஒரு கவர்மெண்ட் உத்தியோகஸ்தரோ சொந்த வீட்டுக்காரரோ கிடைச்சாங்களா? எங்கப்பா தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை தூக்கறவர். உங்கம்மா கட்டட வேலையில் சிமெண்ட் சட்டி தூக்கறவங்க. கடைசியில் நீ எனக்கு, நான் உனக்குன்னு போட்டோம். சுப்ரமணியன் சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "இதென்னம்மா, நீச்சல் தெரியாதவா ரெண்டு பேர் ஒருத்தரையொருத்தர் பிடிச்சுண்ட மாதிரி?"ன்னார். நமக்கு மெஸ்ஸில் சோறு தீர்ந்துடும்னு அவசரம். ஒப்பந்தத்தோட பத்து பக்கத்தையும் படிக்காம கையெழுத்து போட்டுட்டு ஓடினோம்.

நாலு வருஷம் நிதி சொன்ன இடத்தில் வேலை செஞ்சா, நம்மைப் படிக்க வைக்க ஆளுக்குச் செலவான இருபத்துநாலாயிரமும் தள்ளுபடி. பாதியில் விட்டா மீதியை ஜாமீன் போட்டவ கட்டணும். நீ ஓடினா என் தலை, நான் ஓடினா உன் தலை. சும்மா வேலையைப் பாரு.

ரூபா


தும்பிக்கல்,
24-9-1995

ரூபா,

ரெண்டு மாசமா உனக்கு எழுதலை. இப்பவும் எழுத வரலை, ஆனா யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்.

வியாழக்கிழமை காலையில் பதினோரு மணிக்கு கௌரம்மாவை கட்டிலோட தூக்கிட்டு வந்தாங்க. மலை மேல இருக்கற குடியிருப்பு, மேல் தொட்டியிலிருந்து. தலைப்பிரசவம். நான் அவளை மூணு தடவை பார்த்திருக்கேன், எட்டாம் மாசம் வரைக்கும் எல்லாம் சரியா இருந்தது. வந்தப்போ குழந்தை குறுக்கே கிடந்தது, கை வெளியே வந்திருந்தது. ஆபரேஷன்தான், வேற வழியே இல்லை. டாக்டர் முந்தின நாள்தான் வந்துட்டுப் போயிருந்தார்.

கருங்கல் ஏத்தற லாரி ஒண்ணு நின்னுட்டிருந்தது. டிரைவர் காலில் விழாத குறையா கேட்டேன், ஒத்துக்கிட்டார். ஆனா வார்டில் சென்னப்பன் படுத்திருந்தார், ஆடு மேய்க்கிறவர், பாம்புக் கடி. விஷ முறிவு மருந்து டிரிப்பில் ஓடிக்கிட்டிருந்தது. அவர் மூச்சு சரியில்லை. நான் லாரியில் ஏறினா இவரைப் பார்க்க ஆள் இல்லை. இங்கே நின்னா அவகூடப் போக ஆள் இல்லை. கௌரம்மா என் புடவையைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்களும் வாங்க சிஸ்டர், நீங்களும் வாங்க"ன்னா. நான் அவ விரலைப் பிரிச்சு விட்டுட்டு, கூட மாதம்மாவை அனுப்பினேன்.

சென்னப்பன் பிழைச்சுட்டார். கௌரம்மாவும் பிழைச்சுட்டா. குழந்தை வழியிலேயே போயிடுச்சு. ஆண் குழந்தை. கொள்ளேகாலில் டாக்டர், "கூட ஒரு நர்ஸ் வரலையா?"ன்னு கேட்டாராம். மாதம்மா வந்து அப்படியே சொன்னா.

சென்னப்பன் சம்சாரம் இன்னிக்கு ஒரு பாட்டில் தேன் கொண்டுவந்து வச்சுட்டுப் போனா. எனக்கு அதைத் தொடக்கூட முடியலை.

சொர்ணம்


மண்டி மொஹல்லா,
3-10-1995

சொர்ணம்,

அய்யோ பாவம். படிச்சுட்டு ரொம்ப வருத்தப்பட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன். பிரசவத்தில் இதெல்லாம் நடக்கறதுதான். இங்கேயும் போன மாசம் ஒண்ணு போச்சு. ரெண்டு உயிரைக் காப்பாத்தியிருக்க, அதை நினை. ரிஜிஸ்டரில் எழுதிட்டு, சாப்பிட்டுட்டுப் படு. மனசை இப்படி விட்டா வேலை செய்ய முடியாது. தேனை வீணாக்காதே, இருமலுக்கு நல்லது.

தீபாவளிக்கு லீவு கேட்டு வா. மார்க்கெட் பக்கம் சுத்தலாம்.

ரூபா


தும்பிக்கல்,
20-11-1995

ரூபா,

தீபாவளிக்கு ஏன் வரலைன்னு நீ கேட்கலை, நானும் சொல்லலை. லீவு கேட்டேன், மாத்து ஆள் இல்லைன்னு எழுதிட்டாங்க.

இதோட ஒரு கவர் வச்சிருக்கேன், ஒட்டலை. என் ராஜினாமா. அக்ரஹாரத்தில் நிதி ஆபீஸில் சுப்ரமணியன் சார் கையில் நேரா கொடுத்து, கொடுத்ததுக்குச் சீட்டு வாங்கிக்கோ. தபாலில் நேரா அனுப்பியிருக்கலாம். ஆனா நீ என் ஜாமீன். உனக்குத் தெரியாம செய்யறது எனக்குப் பிடிக்கலை.

முழுசா முடிஞ்ச ஒரு வருஷம் போக பாக்கி பதினெட்டாயிரம். முதல்ல உன்னைத்தான் கேட்பாங்க, தெரியும். மைசூரில் ஏதாவது நர்ஸிங் ஹோமில் சேர்ந்து மாசாமாசம் உன் கையில் கொடுத்துடறேன். உன்னை நட்டாத்தில் விடமாட்டேன். அம்மா மேல சத்தியம்.

என்னால முடியலை ரூபா. லாரிச் சத்தம் கேட்டா வேலையை விட்டுட்டு வாசலுக்கு ஓடறேன். யாராவது மாசமா உள்ளே வந்தா, புதன்கிழமைக்கு எத்தனை நாள் இருக்குன்னு எண்ணறேன். நர்ஸ் செய்யற வேலையா இது?

ஒரு மாச நோட்டீஸ். டிசம்பர் இருபதுக்குள்ள மாத்து ஆள் அனுப்பணும்னு எழுதியிருக்கேன்.

சொர்ணம்


தும்பிக்கல்,
28-12-1995

ரூபா,

இருபதாம் தேதி போய் எட்டு நாள் ஆச்சு. மாத்து ஆளும் வரலை, லெட்டரும் வரலை. உன்கிட்டேயிருந்தும் ஒரு வரி இல்லை. பெட்டி கட்டி வச்சிருக்கேன். தினம் நாலு மணி பஸ் வந்தா யார் இறங்கறாங்கன்னு வாசலில் நின்னு பார்க்கறேன். கெம்பையன் கையை விரிச்சுக் காட்டிட்டுப் போறார்.

சுப்ரமணியன் சார் என்ன சொன்னார்? சீட்டு வாங்கினியா? உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு? உடனே எழுது.

சொர்ணம்


மண்டி மொஹல்லா,
9-1-1996

சொர்ணம்,

எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. உன் கவர் என் டிரங்குப் பெட்டியில் இருக்கு. கொடுக்கலை.

ரெண்டு தடவை அக்ரஹாரம் வரைக்கும் போனேன். முதல் தடவை ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழட்டினேன், மறுபடி மாட்டிக்கிட்டு வந்துட்டேன். ரெண்டாவது தடவை தெருமுனையிலிருந்தே திரும்பிட்டேன்.

நல்ல பேர் எடுக்கறதுக்காகப் பொய் சொல்லமாட்டேன். உன் நல்லதுக்குக் கொடுக்கலைன்னு சொன்னா அது பொய். எனக்குப் பயம். பதினெட்டாயிரம்னா எனக்கு ஒரு வருஷச் சம்பளத்துக்கு மேல. அப்பாவுக்கு இடுப்பு போச்சு, மூட்டை தூக்கி மூணு மாசம் ஆகுது. வீடு என் சம்பளத்தில்தான் ஓடுது. நீ மாசாமாசம் கொடுப்ப, தெரியும். நீ கொடுக்க ஆரம்பிக்கறதுக்குள்ள அவங்க என் கழுத்தைப் பிடிப்பாங்க. நம்ம சர்டிபிகேட் எல்லாம் அவங்க பீரோவில் இருக்கு, மறந்துட்டியா?

நீ ரெண்டு வாரத்தில் சரியாயிடுவேன்னு நினைச்சேன். நீ வேலை செஞ்சுக்கிட்டுத்தானே இருக்க? இப்போ திட்டிக்கோ.

ரூபா


தும்பிக்கல்,
17-1-1996

ரூபா,

உன்னைத் திட்டறதுக்குக்கூட நான் தபால் தலைக்குச் செலவு பண்ணணுமா?

அம்பது நாள். ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போயிடலாம், நாளைக்குப் போயிடலாம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அந்த அம்பது நாளில் ஏழு பிரசவம் பார்த்தேன். ஒவ்வொண்ணுக்கும் செத்துப் பிழைச்சேன். நீ பெட்டியைப் பூட்டிட்டு நிம்மதியா தூங்கியிருக்க. நான் உன்னை நம்பித்தானேடி கவரை ஒட்டாம அனுப்பினேன்?

நீ பயந்தது எனக்குப் புரியுது. பயம்னு ஒரு கார்டு போட்டிருந்தா, நானே வேற வழி யோசிச்சிருப்பேன். வாயைத் திறக்காம இருந்த பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியலை.

பொங்கலுக்கு மாதம்மா சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தா. ஒரு வாய் சாப்பிட்டு அழுதேன். போதும். இந்த லெட்டர் கிடைச்ச அன்னிக்கே அந்தக் கவரைக் கொண்டுபோய்க் கொடு. கொடுக்கலைன்னா நானே பஸ் ஏறி வந்து கொடுப்பேன், உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன்.

சொர்ணலதா


மண்டி மொஹல்லா,
30-1-1996

சொர்ணம்,

கொடுத்தாச்சு. சீட்டு இதோட இருக்கு.

சுப்ரமணியன் சார் படிச்சார். என்னைப் பார்த்தார். "இருபதாம் தேதி நவம்பர்னு போட்டிருக்கே?"ன்னார். நான்தான் வச்சிருந்தேன்னேன். திட்டலை. ஒப்பந்தத்தை எடுத்துப் போட்டு, "ஒன்பதாம் விதியைப் படியுங்கோம்மா, அன்னிக்கே படிச்சிருக்கணும்"ன்னார். உட்கார்ந்து படிச்சேன். விட்டுட்டுப் போறவளுக்கு ஜாமீன் போட்டவ நர்ஸா இருந்தா, பணம் கட்டறதுக்குப் பதிலா அதே இடத்தில் மீதிக் காலத்தை அவளே வேலை செஞ்சு கழிக்கலாமாம். யார் எழுதினாங்களோ, நம்மளுக்காகவே எழுதின மாதிரி இருக்கு.

உன் பாக்கி ரெண்டு வருஷம் அஞ்சு மாசம். அதை முடிச்சுட்டு இங்கே வந்து என் பாக்கியைச் செய்யணும். பணம் என்கிட்ட இல்லை, உடம்பு இருக்கு. கையெழுத்து போட்டுட்டேன். சம்பளத்தை அப்பாவுக்கு மணியார்டர் பண்ணிக்கலாம்.

பிப்ரவரி பத்தொன்பது திங்கட்கிழமை காலையில் கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன். நீ கீழே வா, சாவியைக் கொடு. பேசணும்னு இல்லை.

ரூபா


தும்பிக்கல்,
3-3-1996

சொர்ணம்,

அன்னிக்கு பஸ் ஸ்டாண்டில் சாவியைக் கொடுத்துட்டு, "பின்பக்கக் கதவு ஒட்டும், உதைக்கணும்"னு மட்டும் சொல்லிட்டுப் போன. உதைச்சேன். திறக்குது.

கேள்வி மட்டும் எழுதறேன். பதில் போட்டா போடு.

ஒண்ணு, ஸ்டெரிலைசர் ஸ்டவ் பத்தமாட்டேங்குது. ரெண்டு, பெரிய கத்தரிக்கோல் எங்கே? மூணு, புதன்கிழமை டாக்டர் வந்ததும் காபி கேட்கிறார். பால் யார் கொடுப்பாங்க? நாலு, சென்னப்பன்னு ஒருத்தர் வந்து தேன் வச்சுட்டுப் போறார், பணம் கொடுத்தா வாங்கமாட்டேங்கறார். என்ன பண்ணட்டும்?

மாதம்மா என் தமிழைக் கேட்டு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா.

ரூபா


மைசூர்,
12-3-1996

ரூபாவுக்கு,

ஸ்டவ் பர்னரில் அடைப்பு. ஸ்டவ் பின்னை வச்சுக் குத்து. அது ஜன்னல் மேல, காலண்டர் ஆணிக்குப் பின்னாடி இருக்கு. கத்தரிக்கோல் மாதம்மா வீட்டில் இருக்கும், புடவை வெட்ட எடுத்துட்டுப் போவா, நான் சொன்னேன்னு காட்டிக்காதே. பால் கடைசி வீட்டில். தேன் வாங்கிக்கோ. சென்னப்பனுக்கு மனசு கோணக்கூடாது. அப்படியே அவர் காலைப் பார், கடிச்ச இடத்தில் புண் ஆறிடுச்சான்னு.

நீ கேட்காததையும் எழுதறேன். செக்போஸ்டில் ஏட்டு ஒருத்தர் இருக்கார், அவர் பொண்ணுக்கு வீசிங். அவருக்கு மருந்து நேரத்துக்குக் கொடுத்தா, அவசரத்துக்கு ஜீப் கொடுப்பார். நான் இதைக் கண்டுபிடிக்கறதுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. கௌரம்மா வந்தப்போ எனக்குத் தெரியாது.

நான் தேவராஜ மொஹல்லாவில் ஒரு நர்ஸிங் ஹோமில் சேர்ந்திருக்கேன். ஆயிரத்து எண்ணூறு. வேலை சுலபம். கூப்பிட்டா டாக்டர் வர்றார். பெல்லுன்னு ஒண்ணு இருக்கு, அழுத்தினா ஆள் வருது. உங்கப்பாவைப் போய்ப் பார்த்தேன். இடுப்புக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், அதுக்கு எனக்கு நன்றி எழுதாதே.

சொர்ணலதா


தும்பிக்கல்,
16-6-1996

சொர்ணம்,

நன்றி எழுதலை. அப்பா எழுதச் சொன்ன லெட்டரில் நீ வாராவாரம் வர்றதா இருக்கு.

ஒரு விஷயம். கௌரம்மா வந்தா. அஞ்சு மாசம். அக்டோபர் நடுவில் தேதி வரும். என்னைத் தொட விடமாட்டேன்னுட்டா. வாசல் தாண்டலை. "சொர்ணம் சிஸ்டர் எப்போ வருவாங்க?"ன்னு கேட்டா. வரமாட்டாங்கன்னேன். "அப்போ நான் வீட்டிலேயே பெத்துக்கறேன்"ன்னுட்டு எழுந்தா.

எனக்கு எங்கேயிருந்துதான் வந்துச்சோ கோபம். "போன தடவை உன் விரலைப் பிரிச்சு விட்டவதானே அவ? அவளையா கேட்கற?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவ என்ன சொன்னா தெரியுமா? "அவங்க பிரிச்சு விட்டப்போ அழுதாங்க. என் வீட்டில் யாரும் அழலை"ன்னா.

நான் என்ன செய்யறதுன்னு எழுது.

ரூபா


மைசூர்,
4-7-1996

ரூபா,

உன் லெட்டரை மூணு தடவை படிச்சேன். அவ கோவத்தில் இருப்பான்னே நினைச்சுக்கிட்டிருந்தேன், இத்தனை மாசமும்.

செய்ய வேண்டியது இதுதான். பதினைஞ்சு நாள் முன்னாடியே அவளைக் கொள்ளேகாலுக்குக் கூட்டிட்டுப் போய் அங்கேயே தங்க வைக்கணும். வலி வந்தப்புறம் கிளம்பினா ஆகாது. நீ சொல்லிக் கேட்கலைன்னா மாதம்மாவை அனுப்பு. புருஷனுக்கு டாக்டரை விட்டுச் சொல்லச் சொல்லு.

என்னை வரச் சொல்லிக் கேட்காதே. வான்னு நீ எழுதலை, ஆனா கேட்கற. ரூபா, என் கையில் இன்னொண்ணு போச்சுன்னா அப்புறம் நான் இந்த வெள்ளைப் புடவையைத் தொடவே மாட்டேன். இங்கே நான் நிம்மதியா தூங்கறேன். அம்மா கூட இருக்கேன். அம்மாவுக்கு மூச்சு விடற பொண்ணு வேணும், தியாகி வேண்டாம்.

மேல் தொட்டியில் இன்னும் ரெண்டு பேர் மாசமா இருக்கணும். ஆவணி பிறந்தா தேதி. அவங்களைப் பார்த்தியா?

சொர்ணம்


தும்பிக்கல்,
21-8-1996

சொர்ணம்,

அவங்க ரெண்டு பேரையும் பார்த்தேன். ஒருத்திக்குப் போன செவ்வாய்க்கிழமை பொறந்துச்சு, அந்தக் கதையைக் கேளு.

மதியம் ஒரு மணி. அவ வலியில் கத்தறா. அதே நேரத்தில் ஏட்டு தன் பொண்ணைத் தூக்கிட்டு ஓடி வர்றார், மூச்சு விட முடியாம உதடு நீலம். நடுவில் நான். இங்கே ஒரு கால், அங்கே ஒரு கால். மாதம்மாவை "தலையைப் பிடி, விடாதே"ன்னு நிறுத்திட்டு இந்தப் பக்கம் ஊசி போட ஓடினேன், திரும்பி ஓடி வந்தேன். ரெண்டும் நல்லபடியா முடிஞ்சுது. குழந்தை அழுதுச்சு, ஏட்டு பொண்ணு பிஸ்கட் சாப்பிட்டுச்சு.

எல்லாம் முடிஞ்சு வாசல்படியில் உட்கார்ந்தேன். மாதம்மா டம்ளரைக் கையில் கொடுத்தா, பிடிக்க முடியலை, காபியெல்லாம் மடியில். ஒண்ணும் ஆகாததுக்கே எனக்கு இப்படி.

அப்போ நான் உனக்கு எழுதின லெட்டர் ஞாபகம் வந்துச்சு. "ரிஜிஸ்டரில் எழுதிட்டு, சாப்பிட்டுட்டுப் படு." செருப்பால அடிச்சிருக்கணும் என்னை. எழுந்து போய் மூஞ்சியைக் கழுவிட்டு நல்லா அழுதேன். மன்னிச்சுடு சொர்ணம். கவரைப் பூட்டி வச்சதுக்கும், அதுக்கு முன்னாடி எழுதினதுக்கும். ரெண்டாவதுக்குத்தான் அதிகம்.

இது ஒரு ஆள் செய்யற வேலையே இல்லை. யார் வந்தாலும் ஒருநாள் யாரோட விரலையாவது பிரிச்சு விட்டுத்தான் ஆகணும். புதன்கிழமை டாக்டர்கிட்ட இதைச் சொல்லி, இங்கே ரெண்டு நர்ஸ் வேணும்னு எழுதி வாங்கியிருக்கேன்.

கௌரம்மா கொள்ளேகாலுக்கு வரமாட்டேங்கறா. புருஷன் சொல்லியும் ஆகலை. சரி, வந்தாள்னே வச்சுக்கோ, கூட நான் போனா இங்கே யாரு? இப்போ நேராவே கேட்கறேன். வா. பயமா இருக்குன்னா பயத்தோடயே வா. எனக்கும் இருக்கு.

ரூபா


மைசூர்,
9-9-1996

அடி ரூபா,

உன் லெட்டரை ரெண்டு நாள் தலையணைக்கு அடியில் வச்சிருந்தேன். மூணாம் நாள் நர்ஸிங் ஹோமில் ஒருத்தருக்கு டிரிப் மாத்தறப்போ, கௌரம்மாவுக்கு இது எத்தனையாவது வாரம்னு மனசு தானா எண்ணிக்கிட்டிருந்தது. டியூட்டி முடிஞ்சதும் அக்ரஹாரத்துக்கு நடந்தேன்.

சுப்ரமணியன் சார் நாற்காலி போட்டார். திரும்பி வர்றதுன்னா பழைய ஒப்பந்தம் செல்லாது, புதுசா எழுதணுமாம். நீ எனக்காகச் செஞ்ச ஏழு மாசத்தையும் கழிச்சுட்டு, பாக்கி ஒரு வருஷம் பத்து மாசம். கௌரம்மா பிரசவம் முடிஞ்சு நான் தும்பிக்கலுக்குத் திரும்பினதும் நீ மண்டி மொஹல்லாவுக்குப் போயிடலாம். உங்கப்பாகிட்ட அதைச் சொல்லிட்டேன், அவருக்குச் சந்தோஷம்.

அம்மா முதல்ல வேண்டாம்னா. இன்னிக்குக் காலையில் என் பெட்டியில் கம்பளியை மடிச்சு வச்சா. அதுதான் சம்மதம்.

சனிக்கிழமை, இருபத்தெட்டாம் தேதி பஸ்ஸில் வரேன். கௌரம்மாகிட்ட சொல்லு, அக்டோபர் முதல் தேதி நானும் அவளும் சேர்ந்தே கொள்ளேகாலுக்குப் போறோம், குழந்தையோடதான் திரும்புவோம்னு. அவ புடவையை இந்தத் தடவை நான் பிடிச்சுக்கறேன்.

ஒரே ஒரு சிக்கல். புது ஒப்பந்தத்துக்கும் ஜாமீன் வேணும். கவர்மெண்ட் உத்தியோகஸ்தர், இல்லைன்னா சொந்த வீட்டுக்காரர். எங்கே போவேன்? சுப்ரமணியன் சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "பழைய ஆளே போட்டாலும் நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை"ன்னார். பத்து பக்கமும் இதோட வச்சிருக்கேன். கடைசிப் பக்கத்தில் ஒரு இடம் காலியா இருக்கு. நான் ஒரு தடவை விட்டுட்டு வந்தவ. நீ போட மாட்டேன்னு சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை.

உன்
சொர்ணம்


தும்பிக்கல்,
17-9-1996

சொர்ணம்,

பத்து பக்கமும் இதோட வருது. கையெழுத்துக்கு மேல நானா ஒரு வரி சேர்த்திருக்கேன்: ஜாமீன் போடறவ தன் பாக்கிச் சேவையையும் தும்பிக்கலிலேயே செய்வா. இங்கே ரெண்டு நர்ஸ் வேணும்னு டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் பின் பண்ணியிருக்கேன். சுப்ரமணியன் சார் அந்த வரியை அடிச்சார்னா, மறுபடி எழுதித் தரேன்னு சொல்லு. அப்பாவுக்கு நானே எழுதிட்டேன். ரெண்டு நாள் கத்துவார், விடு.

இனிமே லெட்டர் எழுத வேண்டியிருக்காது, அதனால வாங்கிட்டு வர வேண்டியதை இதிலேயே சொல்லிடறேன். மார்க்கெட்டில் நஞ்சன்கூடு ரசவாழை ஒரு சீப்பு, கௌரம்மாவுக்கு. பேட்டரி நாலு. ஸ்டவ் பின் ஒரு டஜன். மாதம்மாவுக்கு ஒரு கத்தரிக்கோல், அவளுக்குன்னே தனியா. கட்டில் வேண்டாம், உன் கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டுட்டேன்.

கௌரம்மாகிட்ட சொன்னேன். உள்ளே வந்து கட்டிலில் படுத்து, வயித்தைத் தொட்டுப் பார்க்க விட்டா. குழந்தையோட தலை கீழேதான் இருக்கு, இப்போதைக்கு.

இந்தத் தடவை பத்து பக்கத்தையும் ஒரு எழுத்து விடாம படிச்சுட்டுத்தான் கையெழுத்து போட்டேன். ஒன்பதாம் விதியை ரெண்டு தடவை படிச்சேன். மாதம்மா சோறு போட்டுட்டுக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. ஆறிப்போகட்டும்னு விட்டுட்டேன்.

ரூபா